கேஸிலிருந்து கரண்டுக்கு

அக்டோபர் 7, சனி

புகைப்பெட்டியை கேஸிலிருந்து கரண்டுக்கு மாற்றிவிடுவது என்று இன்று முடிவு செய்துவிட்டேன். சிலிண்டர் வண்டி நம் சரிவுக்கு மேலே ஏறுவதில்லை, ஒவ்வொரு முறையும் நானே உருட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. ரெகுலேட்டரும் பழசு. கோத்தகிரிக் காற்றுக்கு பர்னர் அடிக்கடி அணைந்துபோகிறது. காரணங்கள் இவை.

காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மார்க்கெட்டிலிருந்து திரும்பி கேட்டைத் திறக்கும்போதே கேஸ் நாற்றம். பின்பக்கத்துத் தகரக் கொட்டகைக்கு ஓடினேன். பர்னர் திருகு முழுக்கத் திறந்திருந்தது. நெருப்பு இல்லை, உஸ்ஸென்ற சத்தம் மட்டும். சிலிண்டரை மூடிவிட்டுத் திரும்பினால் என் மனைவி ஜெசிந்தா தீப்பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். குச்சியைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள்.

"ஜெசி!" என்று கத்திவிட்டேன். தீப்பெட்டியைப் பிடுங்கினேன்.

"எதுக்குங்க இப்படிக் கத்தறீங்க? பத்த வைக்கத்தானே வந்தேன்."

"எப்பத் திறந்த?"

"இப்பத்தான்."

இப்போதுதான் திறந்திருந்தால் கேட் வரைக்கும் நாறாது. முதலிலேயே பற்ற வைத்திருப்பாள், காற்றில் அணைந்திருக்கும். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

எஸ்டேட் ஃபேக்டரியில் எலெக்ட்ரிக் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். ஒரு மெஷினால் ஆபத்து என்றால் ஆளைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை, மெஷினை மாற்ற வேண்டும். அங்கே அதைத்தான் செய்தோம்.

பெட்டி என்னவோ நல்ல பெட்டி. ஆள் உயரத்துக்கு ஸ்டீல் அலமாரி. அடியில் பர்னர், அதன்மேல் இரும்புத் தட்டு, தட்டில் காப்பிக்கட்டைச் சீவல். மேலே கொக்கிகளில் பன்றிக்கறி. உப்புப் போட்டு ஊறவைத்த கறி அந்தப் புகையில் மெதுவாக வெந்து பேக்கனாகவும் ஹாமாகவும் வெளியே வரும். ஜெசி கல்யாணத்துக்கு முன்னால் மேனேஜர் பங்களாச் சமையலறையில் கற்றுக்கொண்ட வேலை. நான் ரிட்டையர் ஆன பிறகு இதையே தொழிலாக ஆரம்பித்தாள். ஊட்டி வரைக்கும் கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் அவள் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். நான் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன்.

அவளிடம் கத்தியிருக்க வேண்டாம்.

அக்டோபர் 8, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போய்வந்தோம். மத்தியானம் மகள் ஆக்னஸ் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். நேற்று நடந்ததை ஜெசி அவளிடம் வேடிக்கையாகச் சொன்னாள். "உங்கப்பா போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு போஜன் அண்ணன் கேரட் தோட்டத்தை அப்படியே விட்டுட்டு ஓடி வந்துட்டாரு."

அப்புறம் ஆக்னஸ் என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"அப்பா, நான் வந்திருந்தப்பவே அம்மா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுட்டிருந்தாங்க. டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொன்னேனே?"

"பெட்டியைக் கரண்டுக்கு மாத்தப் போறேன்."

"நான் அம்மாவைப் பத்திக் கேக்கறேன்."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

ஆக்னஸ் தானே டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அக்டோபர் 11, புதன்

பெட்டியின் உள்ளளவு எடுத்தேன். ஒன்றரை கிலோவாட் ஹீட்டர் காயில் இரண்டு போதும். மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும்.

அக்டோபர் 19, வியாழன்

கோயம்புத்தூரில் இன்று இரண்டு வேலை. முதலில் டாக்டர், பிறகு ஹீட்டர் கடை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஆக்னஸும் வந்திருந்தாள். ஜெசியிடம் என்ன மாதம், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றெல்லாம் கேட்டார். ஜெசி சில கேள்விகளுக்கு என் முகத்தைப் பார்த்தாள். "இதெல்லாம் இவரு ஞாபகம் வச்சுக்குவாரு டாக்டர்" என்று சிரித்தாள். பிறகு டாக்டர், "பேக்கன் எப்படிம்மா செய்வீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். வயிற்றுப் பகுதியை எப்படிப் பார்த்து வாங்குவது, தோலை எப்படிச் சீவுவது, உப்பு, நாட்டுச்சர்க்கரை, மிளகு, எந்தக் கட்டை, தீ எவ்வளவு என்று ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. "பாத்தீங்களா டாக்டர்" என்றேன்.

"ரொம்ப வருஷம் கையில பழகினது சீக்கிரம் போகாது சார்" என்றார். "புதுசாச் சொல்லிக் கொடுக்கறதுதான் நிக்காது. வீட்டுல எதையும் இடம் மாத்தாதீங்க. அவங்க பழகின மாதிரியே எல்லாம் இருக்கட்டும்."

நோய்க்கு ஒரு பெயரும் சொன்னார். அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று சரியாகத் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

பிறகு மன்சூரின் ஹீட்டர் கடை. நல்ல மனுஷன், விஷயம் தெரிந்தவர். காயில் எவர்சில்வர் குழாயில் இருக்க வேண்டும், கொழுப்பு சொட்டினால் இரும்புக் குழாய் அரித்துவிடும் என்றார். நானும் அதையே நினைத்திருந்தேன். பெட்டிக்குள் சூடு எவ்வளவு என்று எண்ணில் காட்டும் கன்ட்ரோலர் ஒன்று. நாம் வைத்த சூடு வந்ததும் தானே நிறுத்தி, குறைந்ததும் தானே போட்டுக்கொள்ளும். கரண்டு லீக்கேஜ் இருந்தால் கண்சிமிட்டும் நேரத்தில் லைனை வெட்டிவிடும் பிரேக்கரும் வாங்கிக்கொண்டேன். ஈரக் கறி, ஸ்டீல் பெட்டி, மழை ஊர். அது இல்லாமல் நான் தொடமாட்டேன்.

கடையில் இருந்த நேரம் முழுக்க ஆக்னஸ் காரை விட்டு இறங்கவில்லை. கிளம்பும்போது சொன்னாள்: "மெஷினை மாத்திட்டா அம்மா சரியாயிடுவாங்களா அப்பா?"

ஜெசி பின்சீட்டில் தூங்கிவிட்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 26, வியாழன்

பர்னரைக் கழற்றினேன். ஜெசி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைக் கழட்டிட்டா நான் எப்படிப் பாக்கறது?"

"எதை?"

"தீயை."

பார்க்கவே வேண்டியதில்லை, அதுவே பார்த்துக்கொள்ளும் என்று கன்ட்ரோலரைக் காட்டினேன். சிவப்பு எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீலத் தீயோட நுனி லேசா மஞ்சளாகணும். அப்ப கதவுகிட்ட உள்ளங்கையை வெச்சா ஒரு சூடு தெரியும். அந்தச் சூட்டுல விட்டுட்டு வேற வேலை பாக்கலாம்."

"அந்தச் சூடுதான் இதுல எண்ணா வருது."

"எத்தனைன்னு எனக்குத் தெரியாதே" என்றாள்.

அதையும் நான்தான் அளந்து வைத்திருக்க வேண்டும், கழற்றுவதற்கு முன்னால். தோன்றவில்லை.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். மழைத் தூறலில் போனோம். ஜெசி அவள் அம்மாவின் கல்லறைக்கு நேராகப் போய் நின்றாள். நான்தான் வழி தெரியாமல் தடுமாறினேன்.

நவம்பர் 3, வெள்ளி

முதல் வெள்ளோட்டம். சூடு நன்றாக ஏறியது. ஆனால் புகை இல்லை. கேஸில் தீ நேராகத் தட்டில் அடித்ததால் சீவல் கருகிப் புகைந்தது. காயில் பெட்டி முழுக்கச் சூட்டைப் பரப்புகிறது, சீவலுக்கு அது போதவில்லை. புகைய ஆரம்பிப்பதற்குள் கன்ட்ரோலர் காயிலை நிறுத்திவிடுகிறது. கறி வெந்தது. வெந்த கறி, அவ்வளவுதான்.

ஜெசி ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தாள். "வேக வெச்சீங்களா?" என்று கேட்டாள்.

நவம்பர் 6, திங்கள்

சீவல் தட்டுக்கு அடியில் தனியாக ஒரு சின்ன காயில் வைத்தேன். அது கன்ட்ரோலருக்குக் கட்டுப்படாது, எப்போதும் எரியும். இப்போது புகை வருகிறது. ஆனால் வந்த வேகத்தில் போய்விடுகிறது. தீக்குக் காற்று வேண்டுமென்று பெட்டியின் அடியில் பெரிய ஓட்டைகள் விட்டிருந்தோம், கரண்டுக்கு அவை வேண்டியதில்லை. தகடு வைத்து அடைத்தேன்.

நவம்பர் 7, செவ்வாய்

அடைத்தது அதிகமாகிவிட்டது. கறியின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்சுவரெல்லாம் கறுப்பாக வியர்த்துக் கறியின்மேல் சொட்டியிருக்கிறது. கசப்பு. ஜெசி துப்பிவிட்டாள். மேலே புகை போகும் குழாயைப் பாதி திறந்து வைத்தேன். நாளைக்குப் பார்க்கலாம்.

நவம்பர் 8, புதன்

வந்துவிட்டது! தேன் நிறம், நல்ல வாசனை. மேலே கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் தாரா மேடத்துக்கு ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஜெசிந்தாம்மா கை கையேதான்" என்றார். கிறிஸ்துமஸுக்கு ஹாமும் பேக்கனும் நிறைய ஆர்டர் சொன்னார். மறுக்க மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஜெசியிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். "நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்" என்றாள். அப்புறம் கொட்டகைக்குள் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: "பர்னரை யாருங்க எடுத்துட்டுப் போனது?"

நவம்பர் 11, சனி

காலையில் கன்ட்ரோலரைச் சொல்லிக் கொடுத்தேன். பச்சைப் பொத்தான் போட, சிவப்பு நிறுத்த. வேறு எதையும் தொட வேண்டாம். திருப்பிச் செய்து காட்டினாள், சரியாகச் செய்தாள். மத்தியானம் மறுபடி கேட்டேன். பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பச்சைக் காகிதம் ஒட்டி 'போடு' என்றும் சிவப்புக் காகிதம் ஒட்டி 'நிறுத்து' என்றும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. போஜன் வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. மழை.

நவம்பர் 13, திங்கள்

மறுபடி சொல்லிக் கொடுத்தேன். ஆக்னஸ் சின்ன வயதில் கணக்கு வராமல் அழும்போது நான் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பேன் என்று ஜெசி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். இன்று அந்தப் பொறுமை என்னிடம் இல்லை.

நவம்பர் 15, புதன்

கரண்டு பில் கட்ட பஜாருக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது கொட்டகையிலிருந்து கரும்புகை. ஓடினேன்.

காயிலின் மேல் விறகு அடுக்கி மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்திருந்தாள். நல்ல அடுக்கல், காற்று போக வழிவிட்டு, குளிர்காலத்தில் அறைக் கணப்பில் அடுக்குவது மாதிரி. ஜுவாலை நிமிர்ந்து நின்றது. சூடு பார்க்கும் சென்சார் ஒயர் உருகித் தொங்கியது. ஜெசி கதவருகே உள்ளங்கையை நீட்டி வைத்துக்கொண்டு நின்றாள். முன்நெற்றி முடி பொசுங்கியிருந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

மெயினை நிறுத்தினேன், மணலை அள்ளிக் கொட்டினேன். கத்தவில்லை. கத்தக் கூடாது என்பது ஞாபகம் இருந்தது.

"என்ன ஜெசி இது?"

"அடுப்பு அணைஞ்சு கிடந்துச்சு. யாருமே பத்த வைக்கல. நேரமாச்சேன்னு பத்த வெச்சேன்."

"பச்சைப் பொத்தானை அமுக்கணும்னு சொன்னேன்ல?"

உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். ஈரத் துணியால் அவள் நெற்றியைத் துடைத்தேன். கருகிய முடி துணியோடு வந்தது. அதை அவள் விரலில் எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் சொன்னாள். இத்தனை நாள் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தது நான்தான்.

"அந்த டாக்டரம்மா சொன்னது எனக்கும் கேட்டுச்சுங்க. நானும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். புதுசு எதுவும் நிக்காதுன்னு சொன்னாங்க. நீங்க அங்கேயிருந்து நேராப் போயிப் புதுசு வாங்கினீங்க."

"கேஸ் ஆபத்து ஜெசி."

"தெரியும். அன்னைக்கே தெரியும். எவ்வளவு நேரமாத் திறந்து கிடந்துச்சுன்னு எனக்கு ஞாபகமில்ல. அதான் இப்பத்தான்னு சொன்னேன்." பிறகு, "உங்களைக் கோவிச்சுக்கல. வேற என்ன பண்ணியிருப்பீங்க" என்றாள்.

நான் என்ன பண்ணியிருக்க வேண்டும்? கேஸை விட்டு வைத்திருந்தால் வீடே போயிருக்கும். எடுத்தேன், அவள் கையில் இருந்த ஒரே வேலை போய்விட்டது. இதற்கு நடுவில் ஒரு வழி இருக்குமா என்று சாயந்திரம் முழுக்க யோசித்தேன். காகிதத்தில் படம் போட்டுக்கூடப் பார்த்தேன். எதுவும் வரவில்லை.

நவம்பர் 17, வெள்ளி

புது சென்சார் வந்தது, மாட்டிவிட்டேன். கொட்டகைக்குப் பூட்டு. சமையலறை சிலிண்டரையும் வெளியே வைத்து, கரண்டு அடுப்பு வாங்கினேன். அதையும் நான்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

நவம்பர் 20, திங்கள்

பகலில் கொட்டகை வாசலில் போய் நிற்கிறாள். பூட்டைத் தொட்டுப் பார்க்கிறாள். இன்று என்னிடம் வந்து, "கொஞ்சம் திறந்து விடறீங்களா?" என்று கேட்டாள். வேறு யாருடைய வீட்டிலோ கேட்பது மாதிரி. திறந்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். கொக்கிகளையெல்லாம் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள். அது போதும் என்றாள்.

நவம்பர் 22, புதன்

ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். உப்புப் போடுவதும் ஊறவைப்பதும் ஜெசி. சமையலறையில் செய்கிற வேலை, நெருப்பு இல்லை, கையில் பழகியது. பெட்டி என் பொறுப்பு. அவளிடம் சொன்னதும் முகம் தெளிந்துவிட்டது. இன்று தாரா மேடத்தின் கிறிஸ்துமஸ் கறி வந்து இறங்கியது. தோலைச் சீவுவதை நின்று பார்த்தேன். கத்தி ஒரு இடத்தில்கூடச் சறுக்கவில்லை. வேலை செய்துகொண்டே பாடினாள், மாதா பாட்டு, எல்லா அடியும் சரியாக.

ஆக்னஸிடம் போனில் சொன்னேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று.

நவம்பர் 27, திங்கள்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

ஊறவைக்கிற உப்பில் இரண்டு வகை. ஒன்று சாதா உப்பு. இன்னொன்று ரோஸ் நிறத்தில் இருக்கும், கறி கெடாமலும் நிறம் மாறாமலும் வைப்பது. அது சிட்டிகைக் கணக்கு. கூடிப்போனால் விஷம். ஜெசி அதைத் தராசில் நிறுத்துத்தான் போடுவாள், என்னைத் தொடவிடமாட்டாள். ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். டாக்டரே அவள் சொன்னதைக் கேட்டாரே.

இன்று காலை கறியைத் திருப்பிப் போடக் குளிர்பெட்டியைத் திறந்தேன். பக்கத்து அலமாரியில் ரோஸ் உப்பு டப்பா. போன வாரம்தான் புதுசு பிரித்தது. காலி.

"ஜெசி, இந்த உப்பு எங்க?"

"போட்டாச்சே."

"எல்லாத்தையுமா?"

"தினம் போடறதுதானே?"

தினம் போடுவதில்லை. ஒரே ஒரு தடவை. அவளுக்குத் தெரியாதா? என் கண்ணெதிரில்தான் போட்டிருக்கிறாள், பாடிக்கொண்டே. நான் அவள் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பையும் நெருப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பைப் பார்க்கவில்லை.

எந்தத் துண்டில் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வழியில்லை. கழுவினாலும் போகாது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்து மூலையில் குழி வெட்டினேன். போஜன் பார்த்துவிட்டு மண்வெட்டியோடு வந்தார். நாய் தோண்டாமல் இருக்கக் கல் வைத்து மூடினார்.

ஜெசி சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும், "கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா, கரண்டு நின்னு போயிருக்கும்" என்றேன்.

"பொய் சொல்லாதீங்க" என்றாள். "நான்தானே?"

தலையை ஆட்டினேன். ரொம்ப நேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுத்தமாகத்தான் இருந்தது.

"அதை யாராச்சும் தின்னிருந்தா?"

"யாரும் தின்னலையே."

"தாரா மேடம் வீட்டுக்குச் சின்னப் பிள்ளைங்க வரும்."

பிறகு என் போனை வாங்கி, நம்பரைப் போட்டுத் தரச் சொல்லி, அவளே பேசினாள். "மேடம், ஜெசிந்தா பேசறேன். இந்த வருஷம் எங்களால முடியாதுங்க மேடம். இல்லீங்க, உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஞாபகம்தான் இல்ல. இனிமே யாரு கேட்டாலும் நாங்க செய்யறதில்லைன்னு சொல்லிடுங்க." குரலில் நடுக்கமே இல்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

நவம்பர் 28, செவ்வாய்

காலையில் எழுந்ததும் கேட்டாள்: "தாரா மேடம் கறியைத் திருப்பிப் போட்டீங்களா?"

டிசம்பர் 3, ஞாயிறு

ஆக்னஸ் வந்து போனாள். பெட்டியை விற்றுவிடலாம் என்கிறாள். கோயம்புத்தூருக்கே இருவரும் வந்துவிடுங்கள் என்கிறாள். யோசிக்கிறேன் என்றேன். டாக்டர், எதையும் இடம் மாற்றாதீர்கள் என்று சொன்னார். அதை இப்போது பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

டிசம்பர் 9, சனி

வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் கறி வாங்கினேன், ஜெசி கேட்டாள் என்பதால். உப்பு நான் போட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து அளவு சொன்னாள். சொன்னதில் சிலது சரி, சிலது சரியில்லை. சரியில்லாததற்கும் "சரி" என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்த்துப் போட்டேன். கவனித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 16, சனி

காலையில் கறியைக் கொக்கியில் மாட்டிப் பெட்டியைப் போட்டேன். காற்றும் மழையும் விட்டிருந்தன, நல்ல வெயில். புகை நூல் பிடித்தது மாதிரி குழாயில் ஏறியது. எண்கள் நான் வைத்த இடத்தில் அசையாமல் நின்றன. இதைவிட நன்றாக ஒரு பெட்டியை யாரும் செய்துவிட முடியாது. அந்த நினைப்போடு நின்றுகொண்டிருந்தபோது கரண்டு போய்விட்டது.

நேற்றுக் காற்றில் சாய்ந்திருந்த மரம் இப்போது லைன்மேல் விழுந்துவிட்டதாம். போன் செய்து கேட்டேன். இன்றைக்கு வராது என்றார்கள். உள்ளே பாதி வெந்த கறி, சூடு இறங்கிக்கொண்டே போகிறது. கன்ட்ரோலரில் ஒரு எண்ணும் இல்லை. பொத்தான்களை அமுக்கிப் பார்த்தேன். எதற்கு அமுக்கினேன் என்று தெரியவில்லை.

ஜெசி கொட்டகைக்கு வந்தாள். கதவைத் திறந்து கறியை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"பாதிதான் வெந்திருக்கு. இப்படியே விட்டா கெட்டுப்போகும். வெளிய எடுங்க."

"எடுத்து?"

"கல்லு கொண்டாங்க. மூணு பெரிய கல்லு. அந்தப் பெரிய சட்டியும். போஜன் அண்ணன் வீட்டுல சின்ன வெங்காயம் இருக்கும், கேட்டு வாங்குங்க. மிளகு நிறைய வேணும்."

குரல் பழைய குரல். ஆர்டர் வந்து குவியும் டிசம்பர் மாதங்களில் கேட்ட குரல். நான் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தேன். வீட்டுப் பின்னால் வெட்டவெளியில் கல் கூட்டினாள். விறகு அடுக்கினாள். தீப்பெட்டி கேட்டாள்.

சட்டைப் பையில்தான் வைத்திருந்தேன், அந்த அக்டோபரிலிருந்து எப்போதும் என்னிடம்தான். கொடுத்தேன். ஒரு வாளித் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது. கறியை மெல்லிசாக அரிந்து அதன் கொழுப்பிலேயே வறுத்தாள். தீயை இழுத்தாள், தள்ளினாள். சட்டிக்கு மேலே உள்ளங்கையைக் காட்டிப் பார்த்து இறக்கினாள். வாசனைக்கு போஜன் குடும்பமே வந்துவிட்டது, மேல்வீட்டு டீச்சர், லைனைப் பார்க்க வந்த ஆட்கள் எல்லோரும். சோறு போஜன் வீட்டிலிருந்து வந்தது. அவர் மனைவி, "ஜெசியக்கா, இந்த மாதிரி எங்க வாழ்நாள்ல தின்னதில்ல" என்றார். ஜெசி கரண்டியை விடவேயில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போட்டாள். ஒரு பெயரும் தப்பவில்லை. லைன் ஆட்களிடம் மட்டும் பெயர் கேட்டுக்கொண்டாள், இரண்டாம் தடவை போடும்போது அதே பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டாள்!

ஆக்னஸுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். அழுதாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. டாக்டர்களும் சில சமயம் தப்பாகச் சொல்வது உண்டு.

டிசம்பர் 17, ஞாயிறு

ராத்திரியில் எப்போதோ கரண்டு வந்திருக்கிறது. பூசைக்குக் கிளம்பும்போது கொட்டகையில் கன்ட்ரோலர் டிக், டிக் என்று போட்டு நிறுத்தும் சத்தம். பெட்டியை நான் அணைக்கவே இல்லை. காலியாகச் சூடாகிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன்.

திரும்பி வந்தபோது ஜெசி பின்பக்கத்தில் நின்று கருகிய மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க யாருங்க நெருப்பு போட்டது?"

முதலில் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்று நடந்ததையெல்லாம் சொன்னேன், கல் கூட்டியது, விறகு அடுக்கியது, யார் யார் வந்தார்கள், போஜன் மனைவி என்ன சொன்னார். வேறு யாரோ வீட்டு விசேஷத்தைக் கேட்பது மாதிரி ஆசையாகக் கேட்டாள்.

"கறி நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"எல்லாருக்கும் பத்துச்சா?"

"பத்துச்சு."

துடைப்பத்தை எடுத்துச் சாம்பலைக் கூட்ட ஆரம்பித்தாள். கொஞ்சம் கூட்டிவிட்டு நின்றாள்.

"நான் சாப்பிட்டேனா?"

"சாப்பிட்டே" என்றேன்.

சரி என்று மறுபடி கூட்டினாள். நான் உள்ளே வந்து உட்கார்ந்து நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். எல்லோரும் சாப்பிட்டது தெரிகிறது. நான் சாப்பிட்டது தெரிகிறது. கடைசி வரைக்கும் அவள் கரண்டியோடு நின்றது தெரிகிறது. அவள் சாப்பிட்டதை நான் பார்த்த ஞாபகம் இல்லை.